லோக்கல் ரயிலில் டென்மார்க்

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குக் கொல்கத்தாவில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். காளிகட்டம், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், விக்டோரியா நினைவகம், ஹவுரா பாலம், கடைசியாக நியூ மார்க்கெட்டில் பை நிறையச் சாமான். மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த நாள் காலை காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எங்கே?" என்பார்கள். அந்த நாளை ஞாயிற்றுக்கிழமையாக அமைத்துக்கொண்டு அவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் போங்கள். பாஸ்போர்ட் வேண்டாம். ஹவுராவில் லோக்கல் ரயில் டிக்கெட் எடுத்தால் போதும்.

ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டருக்குள் டேனிஷ்காரர்களின் ஸ்ரீராம்பூர், பிரெஞ்சுக்காரர்களின் சந்தன்நகர், டச்சுக்காரர்களின் சின்சுரா, போர்த்துகீசியரின் பண்டேல் என்று வரிசையாக நான்கு ஊர்கள் இருக்கின்றன. எதிர்க்கரையில் ஆங்கிலேயரின் பாரக்பூர். வங்காளத்தின் மஸ்லினும் பட்டும் வெடியுப்பும் இந்த ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போயின. ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் கிடைத்தால் வியாபாரம் நடக்கும். அதனால் ஒவ்வொரு கம்பெனியும் ஆள்பவரிடம் அனுமதி வாங்கி, பக்கத்துக் கம்பெனியின் கண்ணில் படும்படியே கொடி ஏற்றியது.

இந்த ஊர்களுக்கு 'குட்டி ஐரோப்பா' என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். அந்தப் பெயரை நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். காரை உதிர்ந்த தூண்கள், தூண்களுக்கு நடுவே புடவைக்கடைப் பலகை, அதன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டு போகும் டோட்டோ. (பேட்டரி ஆட்டோவுக்கு இங்கே டோட்டோ என்று பெயர்.) ஐரோப்பாவைத் தேடினால் இவ்வளவுதான் தெரியும். தமிழர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. இந்த ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றுக்கும் நம் கடற்கரையில் ஒரு கூடப்பிறந்த ஊர் உண்டு. ஸ்ரீராம்பூருக்குத் தரங்கம்பாடி, சந்தன்நகருக்குப் புதுச்சேரி, சின்சுராவுக்குப் பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும், பண்டேலுக்கு வேளாங்கண்ணி. அந்த ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த ஊரைப் பாருங்கள். கைடு தேவைப்படாது.

முதலில் வயிற்றைக் கவனிப்போம். குழந்தைகளை அதிகாலையில் எழுப்புவதற்குச் சாப்பாட்டு ஆசை காட்டுவதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது. லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்கு அருகே, போதார் கோர்ட் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது டிரெட்டி பஜார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே சந்தை வைத்திருந்த டிரெட்டா என்ற இத்தாலியரின் பெயர் அது. அந்த இத்தாலியர் பெயர் கொண்ட தெருவில் விடியற்காலையில் விற்பது சீனச் சிற்றுண்டி. ஆவி பறக்கும் பாவ், மீன் உருண்டை போட்ட சூப், சுய் மாய், சாஸேஜ். எட்டு மணிக்கெல்லாம் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவார்கள், அதனால் ஆறரைக்கு அங்கே நிற்பது நல்லது. சைவக்காரர்களுக்குப் பெரிதாக எதுவும் தேறாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே சுடச்சுடக் கச்சோரி கிடைக்கும்.

இங்கே ரசிக்க வேண்டியது தட்டில் இருப்பதை மட்டுமல்ல, விற்பவர்களையும்தான். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் டாங் ஆச்சூ என்ற சீனர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், பட்ஜ் பட்ஜ் அருகே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த இடம் இன்றைக்கும் அவர் பெயரால் ஆச்சிப்பூர். பிறகு ஹக்கா சீனர்கள் வந்து டாங்ராவில் தோல் பதனிட்டார்கள். சென்னை மாலில் நம் பிள்ளைகள் கேட்டு வாங்கும் ஹக்கா நூடுல்ஸின் பூர்வீகம் அந்தச் சமையலறைகள்தாம். 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு சீன வம்சாவளியினர் பலரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் நாளடைவில் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். இன்று பாவ் விற்பவர்களில் வங்காளிகளும் பிகாரிகளும் உண்டு. அசல் சீனர் கடை எது என்று தேடி அலைய வேண்டாம் என்பது என் கட்சி. பிகாரிக்காரர் கைப்பக்குவத்தில் சீனப் பலகாரம் கிடைப்பதுதான் இந்த ஊரின் அசல். (சீனர் என்றதும் ஒன்று. நாகப்பட்டினத்தில் 'சீனா கோபுரம்' என்று மக்கள் அழைத்த பழைய பௌத்தக் கட்டடம் ஒன்று இருந்தது. 1867இல் இடித்துவிட்டார்கள். இந்தத் தெருவுக்கும் நம் கரையில் ஒரு கூடப்பிறப்பு இருந்திருக்கிறது.)

அங்கிருந்து ஹவுரா போய் பண்டேல் லோக்கலைப் பிடியுங்கள். கிழக்கிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம் இது. 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளி ஸ்டேஷன் வரை போனது. வார நாள்களில் காலைக் கூட்டமெல்லாம் ஹவுராவை நோக்கி வரும், நாம் எதிர்த்திசையில் போகிறோம். ஞாயிறென்றால் உட்காரவே இடம் கிடைக்கும். மசாலாப் பொரி விற்கும் ஜால்முரிக்காரர் ஏறுவார். டப்பாவைக் குலுக்கும் சத்தத்திலேயே குழந்தைகள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆறு வலப்பக்கம்தான், ஆனாலும் ரயிலிலிருந்து கண்ணில் படாது. இந்த வழியில் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரே கணக்கு. மேற்கே ஸ்டேஷன், கிழக்கே படித்துறை, நடுவில் ஊர். எவரையாவது "தாதா, கங்கா?" என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார். ஹூக்ளியை இவர்கள் கங்கை என்றுதான் சொல்வார்கள்.

ஸ்ரீராம்பூரில் நிறைய நேரம் செலவிடுங்கள். நான்கு ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டேனிஷ்காரர்கள் 1755இல் வந்து, தங்கள் அரசர் பெயரில் ஃப்ரெடரிக்ஸ்நகர் என்று இதை அழைத்தார்கள். தரங்கம்பாடியில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டி அதற்குள் 135 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு ஊர்களையும் 1845இல் ஒரே பேரத்தில் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். பாலசோரில் இருந்த ஒரு துண்டு நிலமும் சேர்த்து விலை 12.5 லட்சம் ரூபாய். பூம்புகார் சாலையில் அந்த டேன்ஸ்பர்க் கோட்டையைப் பார்த்தவர்கள் இதன் பாதிக் கதையை ஏற்கெனவே படித்தவர்கள்.

மயிலாடுதுறையிலிருந்து வந்த எங்கள் அத்தையை இங்கே கூட்டிவந்தபோது, செயின்ட் ஓலாவ் தேவாலயத்தின் எதிரில் நின்று, "இந்தச் சுண்ணாம்புச் செவரும் இந்த வெயிலும்... நம்ம தரங்கம்பாடி மாதிரியே இருக்குடா. அலைச் சத்தம்தான் இல்ல" என்றார். அவர் சரித்திரம் படித்தவர் இல்லை. 1806இல் கட்டி முடித்த தேவாலயம் அது. முகப்பில் டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை எழுத்துகள் இருக்கின்றன. குழந்தைகளிடம் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சிதிலமாகிக் கிடந்த கட்டடத்தை டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு செப்பனிட்டார்கள், 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. அதே அருங்காட்சியகம் தரங்கம்பாடியிலும் வேலை செய்திருக்கிறது. அத்தையின் கண் தப்பாகச் சொல்லவில்லை.

ஊரின் பெருமை கோட்டையில் இல்லை, இங்கே கோட்டையே கிடையாது. பெருமை அச்சகத்தில் இருக்கிறது. ஆங்கிலக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அனுமதிக்க மறுத்த காலத்தில் டேனிஷ் கொடி நிழல் கொடுத்தது. வில்லியம் கேரி 1800இல் இங்கே வந்து, மார்ஷ்மேன், வார்டு இருவரோடும் சேர்ந்து அச்சகம் தொடங்கினார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். அதே கொடியின் கீழ், ஒரு நூற்றாண்டுக்குள், இந்த ஆற்றங்கரையில் வங்காளி முதலான மொழிகளுக்கு எழுத்து வார்த்தார்கள். 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பிடித்து எரிந்தது. காகிதம் சாம்பலானது, ஈய எழுத்துகள் உருகி ஓடின. எழுத்து வார்ப்பதற்கான உளிகள் தப்பித்துவிட்டன. உருகிய ஈயத்தையே அள்ளி மறுபடி வார்த்துச் சில மாதங்களில் வேலையைத் தொடர்ந்தார்கள். சின்ன டேனிஷ் ஊர்களில் பெரிய அச்சு வேலை நடந்ததற்கு டேனிஷ்காரர்களின் பலவீனமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். ஆளும் பலம் இல்லாதவன் தன் இடத்தில் மற்றவர்களை இருக்க விடுகிறான். கல்கத்தாவில் கடன் வாங்கிக் கட்ட முடியாதவர்களும் இங்கேதான் ஓடிவந்து ஒளிந்தார்களாம். ஆங்கிலேயரின் பிடியாணை எட்டாத ஊர்.

ஆற்றைப் பார்த்தபடி பெரிய தூண்களோடு நிற்பது ஸ்ரீராம்பூர் கல்லூரி. 1818இல் தொடங்கியது, 1827இல் பட்டம் வழங்கும் உரிமையை டென்மார்க் அரசர் சாசனமாகக் கொடுத்தார். அந்தச் சாசனத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. மதுரை அரசரடியில் உள்ள இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு ஊழியத்துக்குப் போகும் போதகரின் பட்டம் ஸ்ரீராம்பூர் பட்டம். உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ அப்படி ஒரு போதகர் இருந்தால், இந்தத் தூண்களுக்கு முன் ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பி வையுங்கள். மிகவும் மகிழ்வார். கல்லூரிக்குள் போய் நூலகம் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு உதவாது, வேலை நாளில் முன்னதாகக் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

நிஷான் படித்துறைக்கு எதிரே டென்மார்க் டேவர்ன் இருக்கிறது. 1786இல் மாலுமிகளுக்கும் பயணிகளுக்கும் திறந்த விடுதி. இடிந்து மரம் முளைத்துக் கிடந்ததை எடுத்துக் கட்டி, 2018இல் உணவகமாகவும் தங்குமிடமாகவும் மறுபடி திறந்தார்கள். பெரியவர்களை அங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்துவிட்டு, குழந்தைகளைப் படித்துறைக்கு அழைத்துப் போங்கள். அக்கரையில் தெரிவது பாரக்பூர், ஆங்கிலேய கவர்னர் ஜெனரல்களின் தோட்ட மாளிகை இருந்த இடம். ஒரு கரையில் ஒரு ராஜா, மறு கரையில் இன்னொரு ராஜா, நடுவில் ஒரு படகுத் துடுப்பு தூரம். நாட்டின் எல்லை என்றால் என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்தது சந்தன்நகர். புதுச்சேரியைப் பார்த்த கண்ணோடு வந்தால் முதல் அரை மணி நேரம் முகம் சுருங்கும். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் இல்லை. சிவப்புத் தொப்பிப் போலீஸ் இல்லை. பிரெஞ்சுப் பெயர்ப்பலகை அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஆனாலும் கதை ஒன்றே. பின்னாளில் 1742 முதல் புதுச்சேரியில் கொடி கட்டிப் பறந்த டூப்ளே, அதற்குமுன் 1731இலிருந்து இந்த ஊரின் தலைவர். இங்கே சம்பாதித்த கப்பல் வியாபார அனுபவத்தோடுதான் அவர் நம் பக்கம் வந்தார். 1757இல் ஆங்கிலேயர் இந்த ஊரின் கோட்டையைப் பீரங்கியால் தகர்த்தார்கள். நான்கு வருடம் கழித்துப் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே இரண்டு ஊர்களிலும் 'பழைய பிரெஞ்சு' என்று நாம் படம் பிடிப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவை.

இரண்டு ஊர்களின் கதையும் பிரிந்த இடம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. 1949 ஜூனில் சந்தன்நகர் மக்கள் வாக்களித்தார்கள். இந்தியாவுக்கு 7,473, பிரான்சுக்கு 114. மறு ஆண்டு மே 2 அன்று நிர்வாகம் கைமாறியது. 1954 அக்டோபரில் ஊர் மேற்கு வங்காளத்தோடு கரைந்துவிட்டது. அதற்கு அடுத்த மாதம் இந்தியாவின் கைக்கு வந்த புதுச்சேரியோ தனி நிர்வாகமாகவே நின்று, யூனியன் பிரதேசம் ஆனது. பிரெஞ்சு அடையாளத்தைக் காப்பாற்றி வைத்தால் அங்கே அரசாங்கத்துக்கே லாபம் உண்டு. இங்கே அப்படி ஒரு தேவை எழவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஒரு வேடம் போல நன்றாகத் தைத்து வைக்கப்பட்டிருக்கிறது, சந்தன்நகரில் அது வீட்டுக்குள் கட்டிய பழைய துணி. எனக்கு இரண்டும் பிடிக்கும்.

பார்க்க வேண்டியது ஸ்ட்ராண்ட். ஆற்றோர நடைபாதை, மர நிழல், பெஞ்சுகள், துர்காசரண் ரக்ஷித் நினைவு மண்டபம். டூப்ளே பெயரால் அறியப்படும் மாளிகையில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரின் நுழைவாயிலில் 1937இல் கட்டிய தோரணத் தூண்களில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறது. அதன் கீழே காய்கறி லாரி நிற்கும். ஸ்ட்ராண்டில் மாலையில் நடப்பது எப்படியென்றால், எதையும் பார்க்க முயலாமல் நடப்பது. தாத்தாக்கள் அரசியல் பேசுவார்கள், காதலர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். 1910இன் தொடக்கத்தில் ஆங்கிலேயப் போலீஸின் கண்ணில் படாமல் அரவிந்தர் ஒளிந்திருந்தது இந்த ஊரில்தான். பிறகு கல்கத்தா வந்து கப்பலேறி ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி சேர்ந்தார். ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து அதன் கூடப்பிறந்த ஊருக்கு. அந்தக் கப்பலின் பெயரும் 'டூப்ளே'.

இனிப்பு பற்றிச் சொல்லாமல் சந்தன்நகரைக் கடக்கக் கூடாது. ஜல்பரா சந்தேஷ் என்று ஒன்று. மேலே திடமான சந்தேஷ், உள்ளே பன்னீர்ப் பாகு. ஜமீன்தார் வீட்டு மாப்பிள்ளையை ஏமாற்றுவதற்காக சூர்ய குமார் மோதக் என்ற இனிப்புக்காரர் செய்து கொடுத்ததாகக் கதை. மாப்பிள்ளை கடித்தாராம், பாகு பீச்சி ஜிப்பாவெல்லாம் நனைந்ததாம். அவர் பெயரில் கடை இன்னமும் நடக்கிறது. கையில் நிமிர்த்திப் பிடித்து ஓரத்தில் சின்னதாகக் கடித்து, பாகை முதலில் உறிஞ்சிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். வீட்டு மாப்பிள்ளை கூட வந்திருந்தால் இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். குளிர்காலத்தில் பன்னீருக்குப் பதில் புது ஈச்ச வெல்லப் பாகு வைப்பார்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு வெல்லத்துக்கு.

சின்சுராவும் பண்டேலும் ஒரே நாளில் சேர்த்துத் திணிக்க வேண்டியவை அல்ல. இரண்டு ஊர்கள் ஒரு நாளைக்குப் போதும், மூன்றாவதில் குழந்தை அழும், மாமாவுக்கு முழங்கால் வலிக்கும். இன்னொரு ஞாயிறு இருந்தால் போங்கள். 1824 ஒப்பந்தத்தின்படி டச்சுக்காரர்கள் சின்சுராவையும் நம் பழவேற்காடு, சதுரங்கப்பட்டினத்தையும் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு சுமத்ராவில் பெங்குலு அவர்களுக்குப் போனது. இங்கே டச்சுக் கல்லறைத் தோட்டம்தான் முக்கியம். பழவேற்காட்டிலும் அதேதான். கல்லில் உள்ள இரண்டு ஆண்டுகளைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள், முப்பதைத் தாண்டாத விடைகள் நிறைய வரும். பிழைக்க வந்தவர்களின் கணக்கு அது. சந்தன்நகர் போகும் சாலையில் தனிக் குவிமாடத்தின் கீழ் அடக்கமாகியிருக்கும் சூசன்னா அன்னா மரியாவுக்கு ஏழு கணவர்கள் என்று ஊர் சொல்கிறது. ஆவணங்களில் இரண்டு பேர்தான்.

பண்டேல் மாதா கோயில் 1599இல் தொடங்கியது. 1632இல் ஷாஜகானின் படை ஹூக்ளி ஊரைத் தாக்கியபோது அழிந்து, 1660இல் மறுபடி எழுந்தது. புயலில் சிக்கித் தப்பிய கப்பல் தலைவன் ஒருவன், நேர்ந்துகொண்டபடி கப்பலின் பாய்மரத்தையே கொண்டுவந்து கோயிலுக்குக் கொடுத்தான் என்று இங்கே சொல்வார்கள். வேளாங்கண்ணிக்குப் போனவர்களுக்கு இந்தக் கதை தெரியும். அங்கேயும் போர்த்துகீசியக் கப்பல்தான், அங்கேயும் புயல்தான், அங்கேயும் நேர்த்திக்கடன்தான். மெழுகுவர்த்தி வாங்க வரிசையில் நிற்பவர்களில் நெற்றியில் சிந்தூரம் வைத்த பெண்கள் பலர் இருப்பதும் அப்படியே.

திரும்பும்போது ரயிலில் ஹவுராவுக்கு வராதீர்கள். இந்த ஊர்கள் எல்லாம் ஆற்றைப் பார்த்துக் கட்டியவை. ஸ்டேஷன் வழியாக நுழையும் நாம் கொல்லைப்புறமாக வந்தவர்கள். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் படகில் இருந்துதான் பார்க்க வேண்டும். ஸ்ரீராம்பூரிலிருந்து பாரக்பூருக்கும், சந்தன்நகரிலிருந்து ஜகத்தலுக்கும், சின்சுராவிலிருந்து நைஹாட்டிக்கும் படகு உண்டு. சைக்கிள், பால் கேன், மீன் கூடை எல்லாம் கூட வரும். நடு ஆற்றில் பின்னால் திரும்பிப் பாருங்கள், தூணும் கோபுரமும் படித்துறையும் ஒரே வரிசையில் நிற்கும். அக்கரையில் இறங்கி டோட்டோ பிடித்தால் சியால்தா லைன் ஸ்டேஷன்.

நவம்பர் பாதி முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். ஏப்ரல், மே வெயிலில் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். தீபாவளிக்கு அடுத்து வரும் ஜகத்தாத்திரி பூஜை நாள்களில் சந்தன்நகரின் மின்விளக்கு அலங்காரம் பிரமாதம், ஆனால் கைக்குழந்தையோடு அந்தக் கூட்டத்தில் நகர முடியாது. ஜனவரி ஆறாம் தேதி கொல்கத்தாவில் இருக்க நேர்ந்தால், படா பஜார் சந்துக்குள் 1724இல் கட்டிய ஆர்மீனிய தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள், அவர்களுக்கு அன்றுதான் கிறிஸ்துமஸ். ஆர்மீனியருக்கும் சென்னையில் ஓர் இடம் உண்டு. பாரிமுனை அருகே, ஆர்மீனியன் தெருவில்.